கதை அம்மாவாகப் போன சிலிண்டர்காரர்

நிரப்பிய சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு கோ பாவ்ஷான் ஐந்து மாடி ஏறிவிடுவார். நடுவில் மூச்சு வாங்க நிற்க மாட்டார். எங்கள் தோலியூ ஊரில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடங்களில் குடியிருக்கிறவர்களுக்கெல்லாம் இது தெரியும். அப்படிப்பட்ட ஆள், எங்கள் பள்ளியின் முதல் வகுப்பு வாசலில், முப்பத்திரண்டு பக்கப் படப்புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றதை நான் பார்த்தேன்.

நான் அங்கே மூன்றாம் வகுப்பு ஆசிரியை. கூடவே நூலகத்தையும் பார்த்துக்கொள்கிறேன். என்னை எல்லோரும் லியாவ் டீச்சர் என்பார்கள். செவ்வாய்க்கிழமை காலைகளில் முதல் பாடவேளைக்கு முன்னால் கிடைக்கிற நாற்பது நிமிடத்தில், பிள்ளைகளின் அம்மாக்கள் சிலர் வந்து வகுப்புக்கு ஒருவராகப் புத்தகம் படித்துக் காட்டுவார்கள். அவர்களுக்குக் கதை அம்மா என்று பெயர். எந்தப் பள்ளிக்குப் போனாலும் அதே பெயர்தான். பாவ்ஷானின் மனைவி லீச்சிங் ஆறு வருடமாக எங்கள் முதல் வகுப்புக்குக் கதை அம்மா. அவளுடைய பிள்ளைகள் இருவரும் பள்ளியை முடித்துப் போன பிறகும் அவள் வருவதை நிறுத்தவில்லை.

அந்த மார்ச் மாதம் சந்தை வாசலில் அவள் ஸ்கூட்டர் சறுக்கி, கணுக்காலில் மாவுக்கட்டு விழுந்தது. ஆறு வாரம் நடக்கக் கூடாது. திங்கட்கிழமை மாலை எனக்குப் போன் செய்து, தனக்குப் பதிலாக வேறு ஆள் வரும் என்றாள். யாரென்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் அவர்கள் வீட்டில் நடந்த பேச்சை அவளே பின்னாளில் எனக்கு நடித்துக் காட்டினாள்.

"நான் போகமாட்டேன். அது அம்மாங்க வேலை."

"அப்படின்னு எங்க எழுதியிருக்கு?"

"பேர்லயே இருக்கே. கதை அம்மா."

"சரி, ஒரு நாளைக்கு அம்மாவா இருங்க. ரெண்டு புள்ளைங்களுக்கும் இத்தனை வருஷமா நான் ஒருத்தியேதான் அம்மாவா இருந்தேன். ஒரு நாள் லீவு கேட்டிருப்பேனா?"

பாவ்ஷானுக்கு அப்போது ஐம்பது வயது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் கேஸ் கடை வைத்திருந்தார். ஒரு ஷட்டர், ஒரு மேசை, ஒரு போன், வரிசையாகச் சாம்பல் நிறச் சிலிண்டர்கள், அவ்வளவுதான் கடை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவர். செய்தித்தாளில் பேஸ்பால் பக்கத்தைத் தவிர வேறு எதையும் முழுசாகப் படித்ததில்லை என்று அவரே சொல்வார். லீச்சிங் அவர் கையில் கொடுத்து அனுப்பியது அந்தப் பருவத்துக்கு வந்த புதுப் புத்தகம். மண்ணுக்குள் சுரங்கம் தோண்டிக்கொண்டு கடலைப் பார்க்கப் புறப்பட்ட ஓர் அகழெலி, வழி தவறித் தவறி வேண்டாத இடங்களில் எல்லாம் தலையை நீட்டுகிறது. அதுதான் கதை.

இருபத்தாறு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, செய்தித்தாள் படிப்பதுபோலப் புத்தகத்தைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"மாமா, படம் தெரியல," என்றது ஒன்று.

புத்தகத்தைத் திருப்பிப் பிடித்தார். இப்போது பிள்ளைகளுக்குப் படம் தெரிந்தது, அவருக்கு எழுத்து தெரியவில்லை. கழுத்தை வளைத்துத் தலைகீழாக எட்டிப் பார்த்தார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. நான் உள்ளே போய் உதவலாமா என்று யோசிப்பதற்குள், அவர் எழுத்தைக் கைவிட்டுவிட்டார்.

"அகழெலி முட்டி முட்டி மேல வந்துச்சா. வந்து பார்த்தா எங்க வந்திருக்கு? நம்ம தபால் ஆபீஸ் சந்துல, நாலாவது மாடி, துணி காயப்போட்ட பால்கனி இருக்கே, அந்த வீட்டுச் சமையல்கட்டு. அடுப்புல சாதம் வேகுது. அந்த வீட்டம்மா கரண்டியோட நிக்கிறாங்க."

"நாலாவது மாடிக்கு எப்படி வந்துச்சு?"

"படியில வந்துச்சு. பாதி வழியில உக்காந்து மூச்சு வாங்குச்சு. நான் வாங்கமாட்டேன், அது வாங்கும்."

"அது எங்க வீடு," என்று ஒரு பெண் எழுந்து நின்றாள். அது அவள் வீடேதான்.

பிறகு வகுப்பு அவர் கையில் நிற்கவில்லை. ஆளாளுக்கு அகழெலியைத் தங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். இருபது வருடமாகச் சிலிண்டர் போட்ட மனிதருக்கு ஊரில் எந்த அடுக்களையில் குழம்பு தீயும், எந்த வீட்டுப் பூனை சிலிண்டர் மேல் ஏறித் தூங்கும் என்பதெல்லாம் அத்துபடி. அகழெலி ஒன்றரைத் தெருவைச் சுற்றி வருவதற்குள் மணி அடித்துவிட்டது. கடலுக்குப் போய்ச் சேரவே இல்லை.

வெளியே வந்தவர் என்னைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க டீச்சர், புத்தகத்துல இருக்கிறது ஒண்ணும் சொல்லல," என்றார்.

"அடுத்த வாரம் கடலுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க," என்றேன்.

கதை சொல்ல வருகிறவர்களுக்குப் பள்ளியில் கழுத்தில் மாட்டும் அட்டை ஒன்று தருவோம். இளஞ்சிவப்பு நிறம், பூப்போட்ட ஓரம், நடுவில் 'கதை அம்மா' என்ற பெரிய எழுத்து. வேறு அட்டை எங்களிடம் இல்லை. அவர் அதை மாட்டியதையும் மறந்து, அப்படியே மோட்டார் சைக்கிளில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க ஊரைச் சுற்றியிருக்கிறார். கேஸ் கடைக்கு எதிரே கெட்டியான மீன் சூப் விற்கும் சூ அண்ணன்தான் முதலில் வாய்விட்டுக் கேட்டார்.

"என்ன பாவ்ஷான், பிரசவம் எப்ப?"

"எது?"

"கழுத்துல பாரு. அம்மாவாயிட்டியே. மீன் சூப் குடி, பால் ஊறும்."

சூ அண்ணனுக்கு அறுபதைத் தாண்டிய வயது. வாய் மட்டும் இருபது வயதில் நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவர் பாவ்ஷானை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். பிள்ளைகளோ இரண்டையும் சேர்த்துக் கதை அம்மா மாமா என்றார்கள்.

ஆறு வாரம் முடிந்து லீச்சிங்கின் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். அவள் செவ்வாய்க்கிழமை காலை நீளமான தன் பூப்போட்ட அங்கியைப் போட்டுக்கொண்டு கிளம்பினால், புருஷன் ஏற்கெனவே வாசலில் வண்டியை உதைத்துக்கொண்டிருக்கிறார்.

"எங்க?"

"பசங்க காத்துக்கிட்டிருப்பாங்க."

"என் பசங்க அதுங்க."

"நீ வேற வகுப்பு கேட்டுக்கோ," என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். அவள் என்னிடம் வந்து சண்டை போட்டாள். நான் என் மூன்றாம் வகுப்பையே அவளுக்குக் கொடுத்தேன்.

படிப்பதில் அவர் கெட்டிக்காரர் ஆகவில்லை. ஆனால் உழைத்தார். திங்கட்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு லீச்சிங்கை எதிரே உட்காரவைத்து மறுநாள் புத்தகத்தை இரண்டு தடவை சத்தமாகப் படிப்பார். "கேஸ் ரசீது வாசிக்கிற மாதிரி இருக்கு. முயல் பேசுதுங்க, முயல் மாதிரி பேசுங்க," என்பாள் அவள். "முயல் பேசி நீ எப்பக் கேட்ட?" என்பார் இவர்.

செப்டம்பரில் தைபேயிலிருந்து ஒரு சிறுவர் பதிப்பகம் எங்களுக்கு ஒரு பெட்டி அனுப்பியது. இன்னும் அச்சுக்குப் போகாத மூன்று புதுப் புத்தகங்கள். சாதாரணத் தாளில் படத்தோடு நகலெடுத்து, ஓரத்தில் பின் அடித்திருந்தார்கள். வகுப்பில் படித்துக் காட்டி, எப்படி இருந்தது, எந்த வயதுக்குப் பொருந்தும் என்று கூடவே வந்த படிவத்தில் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். நாங்கள் வழக்கமாகச் செய்வதுதான். அம்மாக்கள் எல்லோரும் 'மிக நன்றாக இருந்தது, பிள்ளைகள் ரசித்தார்கள்' என்று எழுதினார்கள். பாவ்ஷான் எழுதியதை நான் படிக்காமலே உறையில் போட்டு அனுப்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் பதிப்பகத்திலிருந்து போன். எதிர்முனையில் ஓர் இளம் பெண் குரல்.

"டீச்சர், உங்க பள்ளிக்கூடத்துப் படிவத்துல கதை அம்மா பேரு கோன்னு இருக்கே, அந்தக் கோ அம்மாகிட்ட பேச முடியுமா?"

"இப்ப முடியாது. கோ அம்மா தோள்ல சிலிண்டரோட நாலாவது மாடி ஏறிக்கிட்டிருப்பார்."

சிலிண்டரா என்று அவள் திரும்பக் கேட்டாள். பிறகு அவள் படிவத்தில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினாள். 'ஏழாம் பக்கத்தில் பதினொரு பேர் ஜன்னலைப் பார்த்தார்கள். ஒன்பதாம் பக்கத்தில் பதினான்கு பேர். பன்னிரண்டாம் பக்கத்தில் நானே ஜன்னலைப் பார்த்தேன். தவளைக்கு எதற்குக் குடை என்று நான்கு பேர் கேட்டார்கள். கடைசியில் தவளை மன்னிப்புக் கேட்டதை ஒருவரும் நம்பவில்லை.'

எனக்கு முகம் சூடாகிவிட்டது. மதியம் கடைக்குப் போய் அவரைக் கேட்டேன்.

"எப்படி இருந்துச்சுன்னு கேட்டாங்க, சொன்னேன்," என்றார். "குழாய்ல கேஸ் கசியுதான்னு சோப்புத் தண்ணி தடவிப் பாப்போம் டீச்சர். குமிழி வந்தா வந்துச்சுன்னுதான் சொல்லணும். குழாய் வருத்தப்படுமேன்னு பாத்தா வீடு போயிடும்."

குழாய் வருத்தப்படவில்லை, எழுத்தாளர் வருத்தப்பட்டார். அந்தப் புத்தகத்தை எழுதிய வெய் ஷூமான் அடுத்த செவ்வாயே முதல் ரயிலில் தோலியூ வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும். குட்டை முடி, தோளில் துணிப்பை. முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. வகுப்பின் பின்வரிசையில் சின்ன நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். அவர் யாரென்று பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

பாவ்ஷான் மறுபடியும் அதையே படித்தார். அணிலின் சிவப்புக் குடையைத் தவளை எடுத்துக்கொண்டு போகிறது. அணில் மழையில் நனைகிறது. கடைசிப் பக்கத்தில் தவளை அம்மாவுடன் வந்து, நான் செய்தது தப்பு, இனிமேல் செய்யமாட்டேன் என்கிறது. அணில் சிரிக்கிறது.

"அது பொய்," என்றாள் யுன்ஷி. முதல் வகுப்பிலேயே பொடிசு அவள்தான், முன்பல் இரண்டும் இல்லை.

"எது பொய்?" என்று பின்னாலிருந்து ஷூமான் கேட்டுவிட்டார்.

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். யுன்ஷி பெரிய மனுஷி மாதிரி விளக்கினாள். "தவளை சும்மா சொல்லுது. அதோட அம்மா பக்கத்துல நிக்கிறாங்கல்ல, அதான். நானும் அப்படித்தான் சொல்லுவேன்."

"அப்ப தவளை என்ன செஞ்சிருக்கணும்?"

இதற்கு எட்டுக் கைகள் உயர்ந்தன. ஒருவன் தவளை குடையைத் தின்றிருக்க வேண்டும் என்றான். ஒருத்தி தவளைக்குப் புதுக்குடை வாங்கித் தரலாம் என்றாள். இன்னொருவன் அணில் ஏன் மரத்துக்குள் போகாமல் வெளியே நின்று நனைகிறது, அதற்கு அறிவில்லையா என்று கேட்டான். சத்தம் பக்கத்து வகுப்புவரை போனது. பாவ்ஷான் முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சத்தம் ஓய்ந்தபோது யுன்ஷி மறுபடி சொன்னாள். "யாரும் பாக்காதப்ப கதவுல மாட்டிட்டு ஓடிடணும். எனக்கு வெட்கமா இருந்தா நான் அப்படித்தான் செய்வேன்."

ஷூமான் துணிப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

பள்ளி வாசலில் விடைபெறும்போது அவர் பாவ்ஷானிடம், "உங்க மேல பயங்கர கோவத்துல வந்தேன் அண்ணா. ரயில்ல வர்றப்ப என்னென்ன திட்டணும்னு எழுதிக்கூட வெச்சிருந்தேன்," என்றார்.

"இப்பத் திட்டலாமே. மணி எட்டரைதான் ஆகுது."

"பசிக்குது."

அவரை முட்டை தோசைக் கடைக்குக் கூட்டிப்போனோம். சோயா பால் குடித்துக்கொண்டே ஷூமான் கேட்டார், தவளைக்கு எதுக்குக் குடைன்னு கேட்டவங்களுக்கு நீங்க என்ன சொன்னீங்க என்று. "உன்கிட்ட எத்தனை பொம்மைக் கார் இருக்கு, உனக்கு ஓட்டத் தெரியுமான்னு கேட்டேன்," என்றார் பாவ்ஷான். அந்தப் பதில் அப்படியே புத்தகத்துக்குள் போய்விட்டது. தவளை நனைந்துகொண்டே குடையை ரசித்துப் பார்க்கும் ஒரு பக்கம் புதிதாக வந்தது. கடைசிப் பக்கத்தில் அம்மா இல்லை, மன்னிப்பு இல்லை. கதவில் சிவப்புக் குடை தொங்குகிறது, தூரத்தில் ஒரு பச்சைக் கால் மட்டும் தெரிகிறது. பின்னட்டையின் உள்ளே நன்றி சொன்ன இடத்தில் 'தோலியூ, கோ அம்மா' என்று அச்சாகியிருந்தது. சூ அண்ணன் அந்தப் பக்கத்தைப் பெரிதாக நகலெடுத்துத் தன் கடைச் சுவரில், சூப் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

இரண்டு வருடம் போனது. ஒரு பிப்ரவரியில், சந்திரப் புத்தாண்டு விடுமுறை முடிந்த வாரம், கேஸ் கடை முகவரிக்கே ஒரு தடித்த உறை வந்தது. ஷூமான் முதல்முறையாகப் பெரிய பிள்ளைகளுக்கு ஒரு நாவல் எழுதியிருந்தார். பன்னிரண்டு வயதுக்கு மேல். இருநூற்றுப் பத்துப் பக்கம். ஒரு படம்கூட இல்லை.

பாவ்ஷான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். முதல் வகுப்பு வாசலில் பார்த்த அதே முகம்.

"டீச்சர், இத வேற யாருக்காவது குடுங்க."

"உங்களுக்குத்தானே அனுப்பியிருக்காங்க."

"இவ்வளவு நீளமா நான் எதையும் படிச்சதில்ல. பாதியில நின்னுட்டா?"

"நின்ன இடத்த படிவத்துல எழுதுங்க."

எடுத்துக்கொண்டு போனார். நாவல் ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் நடக்கிறது. கடலே அலுத்துப்போன ஓர் அப்பா, யாரிடமும் சொல்லாமல் படகை விற்கப் பார்க்கிறார். அவருடைய பன்னிரண்டு வயது மகள் படகுச் சாவியை ஒளித்து வைத்துவிடுகிறாள். பாவ்ஷான் அதைச் சிலிண்டர் இறக்கிய இடங்களில் எல்லாம் உட்கார்ந்து படித்தார். உதடு அசையும், விரல் வரியோடு நகரும். ஒரு நாளைக்கு நாலு பக்கம், ஆறு பக்கம்.

அப்புறம் சாவியைத் தேடி அப்பா மகளின் அறைக்குள் நுழைகிற அத்தியாயம் வந்தது. அன்று பதினொன்றரை மணிக்குச் சூ அண்ணன் கடையில் கேஸ் தீர்ந்துவிட்டது. கடையில் ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், வாணலியில் மீன் பாதி பொரிந்து நிற்கிறது. சூ அண்ணன் போன் அடித்தார். எதிர்ச்சாரியில் போன் அடிப்பது அவர் காதிலேயே விழுகிறது, யாரும் எடுக்கவில்லை. கரண்டியோடு தெருவைத் தாண்டிப் போனால், பாவ்ஷான் ஒரு காலிச் சிலிண்டர் மேல் உட்கார்ந்து தாளைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

"யோவ் அம்மா. காது அடைச்சிருச்சா? என் மீனு எண்ணெயில நீச்சலடிக்குது."

"அண்ணே, ஒரே ஒரு பக்கம். அப்பன் கட்டிலுக்கு அடியில குனிஞ்சுட்டான்."

"எந்த அப்பன்?"

"படகுக்கார அப்பன். சாவி அங்கதான் இருக்கு."

சூ அண்ணன் திட்டுவதற்குத் திறந்த வாயை மூடவில்லை, ஆனால் திட்டவும் இல்லை. "கெடச்சுதா?" என்றார்.

"அதத்தானே பாத்துக்கிட்டிருக்கேன், விடுங்க."

அன்று ஒன்பது பேரும் அரைவேக்காட்டு மீனோடு இருபது நிமிடம் காத்திருந்தார்கள். கேஸ் இணைப்பைப் பூட்டும்போதே கதை முழுவதையும் சூ அண்ணனுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று, வாடிக்கையாளர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வாரக் கடைசியில் இருநூற்றுப் பத்தாவது பக்கத்தை முடித்தார். முடித்துவிட்டேன் என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லையாம். கடையைப் பூட்டிவிட்டுத் தண்டவாளத்தின் ஓரமாகவே பக்கத்து ஸ்டேஷன்வரை நடந்துபோய், ரயில் ஏறித் திரும்பி வந்தார். எதற்குப் போனீர்கள் என்று லீச்சிங் கேட்டதற்கு, "சும்மா, கால் ஒரு இடத்துல நிக்கல," என்றார்.

ஆறாம் வகுப்புக்கு அதுவரை கதை அம்மா யாரும் போனதில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு மீசை முளைக்கிற வயது, கதை கேட்கச் சொன்னால் முகம் சுளிப்பார்கள் என்று எல்லோரும் ஒதுங்கிவிடுவார்கள். பாவ்ஷான் அந்த நாவலை எடுத்துக்கொண்டு போனார். முதல் நாள் போயென் என்ற பையன் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டே கேட்டான்.

"மாமா, எங்களுக்கே படிக்கத் தெரியும். நீங்க ஏன் படிக்கணும்?"

"உனக்குத் தெரியும்ப்பா. எனக்குத்தான் பழகணும். கொஞ்சம் பொறுத்துக்கோ."

வகுப்பு சிரித்தது. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தடுக்கித் தடுக்கித்தான் படித்தார். எங்கள் மொழியின் ஆயிரக்கணக்கான எழுத்துகளில் தெரியாதது வந்தால் நிறுத்தி, "இது என்னப்பா?" என்று கேட்பார், யாராவது சொல்வார்கள். மூன்றாவது செவ்வாய்க்கிழமை, அவர் கேட்கும் முன்பே போயென் தலையைத் தூக்காமல் சொல்லிக்கொடுத்தான். ஐந்தாவது வாரம் தலையும் தூக்கியிருந்தது. அடுத்த அத்தியாயத்தைத் தெரிந்துகொள்ள யூஜியே என்ற பெண் தன் வீட்டில் கேஸ் தீராமலே தீர்ந்துவிட்டது என்று போன் செய்து அவரை வரவழைத்தாள். மூன்று மாடி ஏறி வந்தவர் சிலிண்டரை ஆட்டிப் பார்த்து, "பாதி இருக்கு," என்றார். "தெரியும் மாமா. அவங்க அப்பா போலீஸ்கிட்டப் போறாரா இல்லையா, அது மட்டும் சொல்லுங்க." சொல்லவில்லை. கொண்டுவந்த சிலிண்டரை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினார்.

பரீட்சை, விடுமுறை என்று சில செவ்வாய்க்கிழமைகள் கையை விட்டுப் போயின. ஜூன் நடுவில் ஆறாம் வகுப்பு நிறைவு விழா. பிள்ளைகள் பள்ளியை விட்டு வெவ்வேறு நடுநிலைப் பள்ளிகளுக்குப் பிரிந்து போகிறார்கள். பதினேழு அத்தியாயத்தில் பதின்மூன்றுதான் முடிந்திருந்தது. மேடையில் பூங்கொத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், போயென் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கடைசி வரிசையில் நின்ற பாவ்ஷானிடம் வந்தான்.

"மீதி நாலு அத்தியாயம் என்ன ஆகுறது?"

"அச்சடிச்சு வரும். வாங்கிப் படிச்சுக்கோ."

"அதுக்கு ஒரு வருஷம் ஆகும்னு டீச்சர் சொன்னாங்க."

"நான் என்ன செய்ய, நீங்கதான் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போறீங்களே."

ஜூலை முதல் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, கேஸ் கடை வாசலில் பத்தொன்பது சைக்கிள்கள் நின்றன. சிலிண்டருக்கு நடுவில் பிள்ளைகளை உட்காரவைக்க முடியாது. பாவ்ஷான் தலையைச் சொறிந்துகொண்டு எதிரே பார்த்தார். சூ அண்ணன் மதிய வியாபாரத்தை முடித்து நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தவர், ஒவ்வொன்றாக இறக்கிப்போட ஆரம்பித்தார். எல்லோருக்கும் குளிர்ந்த பூசணி டீ ஊற்றினார். "சும்மா இல்ல, எனக்கும் கேக்கணும். இந்த அம்மா பாதியில நிறுத்தி நிறுத்தி உயிர எடுக்குது," என்றார்.

நான்கு சனிக்கிழமைகள். லீச்சிங்கும் நானும்கூடப் போனோம். கடைசி அத்தியாயத்தில் அந்தப் பெண் சாவியைக் கடலில் எறிகிறாள். பாவ்ஷான் தாளை மூடியதும் கடைக்குள் பெரிய சண்டை. எறிந்தது சரி என்றாள் யூஜியே. பூட்டுக்காரனைக் கூப்பிட்டால் படகை எடுத்துவிடலாம், இது என்ன முட்டாள்தனம் என்றான் ஒருவன். போயென் மட்டும் டீ டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பா வியட்நாமில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார், வருடத்துக்கு இரண்டு தடவை வருவார்.

"பதினேழு அத்தியாயத்துல அவ ஒரு தடவைகூட அவங்க அப்பாவ ஏன் விக்கிறீங்கன்னு கேக்கவேயில்ல," என்றான். "கேட்டிருக்கணும்."

சண்டை நின்றுவிட்டது. சூ அண்ணன் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார்.

"அவ கேக்கமாட்டாப்பா," என்றார் பாவ்ஷான். "அவ அப்படிப்பட்ட புள்ள இல்ல. ஆனா நீ சொல்றத எழுதி அனுப்புறேன்."

"நீங்க எங்க பக்கமா, அவங்க பக்கமா?"

"நான் படிக்கிற பக்கம்."

எழுதி அனுப்பினார். இந்தத் தடவை ஷூமான் முடிவை மாற்றவில்லை. போயென் பெயருக்குத் தனியாக இரண்டு பக்கக் கடிதம் எழுதினார், அதில் என்ன இருந்தது என்று அவன் யாருக்கும் காட்டவில்லை. பதில் எழுதினான் என்று மட்டும் தெரியும், தபால்தலை கேட்டு என்னிடம்தான் வந்தான். நீளமான பதில்தான், உறை கனமாக இருந்தது.

மறுவருடம் வசந்தத்தில் புத்தகம் வந்தது. அட்டையின் மூலையில் 'பன்னிரண்டு வயதுக்கு மேல்' என்று வட்டமான முத்திரை. பாவ்ஷான் பதிப்பகத்துக்குப் போன் போட்டு, "சிலிண்டருக்கு முடியிற தேதி போடுவாங்க, நீங்க ஆரம்பிக்கிற தேதி போடுறீங்களே," என்று கேட்டார். கடைக்காரர்களுக்கு எந்த அலமாரி என்று தெரிய வேண்டாமா என்றாள் அந்தப் பெண். அலமாரிக்காக என்றால் போட்டுக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டார். சூ அண்ணன் ஒரு பிரதி வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். வயது கேட்டால் தாண்டிவிட்டது என்கிறார்.

இப்போது பாவ்ஷான் ஐந்தும் ஆறும் பார்த்துக்கொள்கிறார், லீச்சிங் முதல் வகுப்பைத் திரும்பப் பிடித்துக்கொண்டாள். போன மாதம் அவள் ஸ்பேனர் தேடி அவருடைய கருவிப் பெட்டியைத் திறந்திருக்கிறாள். ரப்பர் வளையங்களுக்கும் குழாய்ச் சுருளுக்கும் அடியில், எண்ணெய்க் கறை படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு தடித்த புத்தகம் இருந்தது. அட்டையில் வயது எதுவும் இல்லை.

"இது எந்த வகுப்புக்கு?" என்று கேட்டாளாம்.

"வகுப்புக்கு இல்ல, எனக்கு," என்று வாங்கி, பக்கம் மாறிவிடாமல் விரலை உள்ளே வைத்துக்கொண்டார்.